வாடகைக்கு ஏரியா தேடும்போது, அதன் மோசமான நேரத்தில் போய்ப் பாருங்கள்

வீடு காட்ட உங்களை எந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி, இல்லையென்றால் வேலை நாளில் மதியம் 3 மணி. அப்போது தெருவில் வண்டி குறைவு. வீட்டுக்குள் வெளிச்சம் நன்றாக விழும். வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வரும். அந்த நேரத்தில் எந்த ஏரியாவும் நல்ல ஏரியாதான். ஆனால் வேலைக்குப் போகிற ஒருவர் அங்கே விழித்திருக்கப்போவது காலை 7 முதல் 9 வரை, இரவு 8 முதல் 12 வரை. ஏரியாவின் குறைகள் வெளியே வருவதும் அநேகமாக இந்த ஆறு மணி நேரத்தில்தான்.

வீட்டுக்குள் இருக்கும் குறைகளில் பாதியைச் சரிசெய்துவிடலாம். ஒழுகும் குழாயை மாற்றலாம், சுவருக்குச் சாயம் பூசலாம், மங்கலான அறைக்கு நல்ல விளக்கு போடலாம். தெருவில் இருக்கும் குறையை வாடகைக்கு இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம், அல்லது கொடுத்த அட்வான்ஸில் ஒரு பகுதியை விட்டுவிட்டுக் கிளம்பலாம். அதனால் முதலில் ஏரியா, அப்புறம் வீடு. பால்கனி அழகாக இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்தவர்களில் பலர் மூன்றாவது மாதமே மறுபடி வீடு தேடுவதற்குக் காரணம், இந்த வரிசை மாறிப்போனதுதான்.

பயண நேரம்: பூட்டிலிருந்து நாற்காலி வரை

"ஆபீஸ் இங்கிருந்து 20 நிமிஷம்தான்" என்று ஓனர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ட்ராஃபிக் இல்லாத நேரத்தில், வண்டிக்குள் இருக்கும் நேரத்தை மட்டும் அவர் சொல்கிறார். உங்களுக்கு வேண்டியது வேறு கணக்கு. வீட்டைப் பூட்டும் நிமிஷத்தில் தொடங்கி, ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் நிமிஷம் வரை அளக்க வேண்டும். அதைத் துண்டு துண்டாக எழுதிப் பாருங்கள். மாடியிலிருந்து இறங்க 2 முதல் 4 நிமிஷம். நிறுத்தம் வரை நடை. அங்கே காத்திருப்பு. வண்டிக்குள் இருக்கும் நேரம். நடுவில் மாறி ஏறினால் அதற்கு ஒரு நடை, ஒரு காத்திருப்பு. இறங்கி ஆபீஸ் வாசல் வரை நடை. வாசலில் அடையாள அட்டைச் சோதனை, லிஃப்ட் வரிசை. வளாகம் பெரியதாக இருந்தால் கேட்டிலிருந்து உங்கள் கட்டடம் வரை இன்னும் 5 முதல் 10 நிமிஷம். சொந்த வண்டி என்றால் நிறுத்த இடம் தேடும் நேரம். 20 என்று கேள்விப்பட்டது இப்படிக் கூட்டினால் சாதாரணமாக 45-ல் வந்து நிற்கும்.

நடைக்கு நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் "நிலையத்திலிருந்து இத்தனை நிமிஷ நடை" என்று போடுவதற்கு இந்த 80 மீட்டர்தான் விதி. அந்த விதியில் சிக்னலில் நிற்கும் நேரமும் மேட்டில் ஏறும் நேரமும் சேராது. ஆகவே பெரிய சாலை ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தால் தனியாக 2 நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு தப்பு, மேப்பில் விரலால் நேர்கோடு இழுத்துத் தூரம் பார்ப்பது. தெருக்கள் வளைந்து போவதால் நடக்கும் தூரம் நேர்கோட்டைவிட சுமார் 30 சதவீதம் கூடும். நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ சுற்றுச்சுவர் கட்டிய பெரிய வளாகமோ இருந்தால் இரண்டு மடங்குகூட ஆகலாம். மேப்பில் 400 மீட்டராகத் தெரிந்த நிறுத்தம், கடக்கும் பாலம் தள்ளி இருந்தால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும்.

காத்திருப்பைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் போகிறவருக்குச் சராசரிக் காத்திருப்பு 5 நிமிஷம். பஸ்கள் சீரான இடைவெளியில் வந்தால்தான் இந்தக் கணக்கு. நெரிசல் நேரத்தில் முன்னால் போகும் பஸ் கூட்டத்தை ஏற்றி ஏற்றித் தாமதமாகும். பின்னால் வருவது காலியாக விரைந்து வந்து அதை ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே வந்து, அடுத்த 20 நிமிஷம் ஒன்றுமே வராது. ஒரு மணி நேரத்தில் வரும் பஸ் எண்ணிக்கை அதே ஆறுதான். ஆனால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிஷமாகிவிடும். கால அட்டவணையில் இது தெரியாது. நெரிசல் நேரத்தில் அந்த நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று, ஒவ்வொரு பஸ்ஸும் வரும் நேரத்தைக் குறித்தால் தெரியும். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் நிறுத்தத்துக்கு வரும்போது பஸ்ஸில் ஏற இடம் இருக்கிறதா? வழித்தடத்தின் தொடக்கத்துக்கு அருகில் இருக்கும் ஏரியாவில் உட்கார இடம் கிடைக்கும். அதே தடத்தில் நாலைந்து நிறுத்தம் ஆபீஸுக்கு அருகில் இருக்கும் ஏரியாவில், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் தொற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தூரம் குறைந்தும் நேரம் கூடுவது இப்படித்தான்.

மேப் செயலியில் "இப்போது கிளம்பினால்" என்று வரும் எண்ணைப் பார்க்காதீர்கள். புறப்படும் நேரத்தைச் செவ்வாய்க்கிழமை காலை 8:30 என்று மாற்றிப் பாருங்கள். காரில் போவதற்கு "30 முதல் 55 நிமிஷம்" என்று ஒரு வரம்பு காட்டும். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது 55. பத்து மணி மீட்டிங்குக்கு நேரத்தில் இருக்க வேண்டுமென்றால் தினமும் 55-ஐ நம்பித்தான் கிளம்பியாக வேண்டும். 30-ல் போய்ச் சேரும் நாளில் மிச்சமாகும் 25 நிமிஷம் உங்கள் தூக்கத்திலிருந்து எடுத்தது. இந்தக் காரணத்தால், சராசரி 35 ஆனாலும் நாளுக்கு நாள் மாறும் சாலை வழியைவிட, எப்போதும் 42 எடுக்கும் ரயில் வழி மேல். மாலை திரும்பும் பயணத்தையும் தனியாகப் பாருங்கள். ஒருவழிச் சாலைகளாலும் நெரிசல் திசையாலும் காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. எல்லோரும் ஊருக்குள் போகும்போது நீங்கள் வெளியே போகிற மாதிரி ஒரு ஏரியா அமைந்தால், அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம்.

கடைசி ரயிலும் கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தில் நாலு நாள் வேலை இழுத்தால், அந்த நாலு நாளும் வாடகை வண்டிச் செலவு. அதையும் வாடகையோடு கூட்ட வேண்டும்.

வாடகையையும் பயணத்தையும் ஒரே கணக்கில் வையுங்கள்

சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக் கூடாது என்ற விதியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். இந்த எண்ணுக்குப் பின்னால் அமெரிக்க அரசு வாடகைக் குடியிருப்புகளின் வரம்பு இருக்கிறது. 1969-ல் வருமானத்தில் 25 சதவீதம் என்று வைத்தார்கள், 1981-ல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக வகுத்த உச்சவரம்பு அது. வேலையில் சேர்ந்த புதிதில் இருக்கும் ஒருவருக்கு எவ்வளவு கட்டுப்படியாகும் என்று சொல்ல வந்த எண் கிடையாது. ஏரியாக்களை ஒப்பிட அது தனியாகப் பயன்படவும் படாது, ஏனென்றால் வாடகை குறைகிற இடத்தில் பயணச் செலவு ஏறும். இரண்டையும் கூட்டி 45 சதவீதத்துக்குள் நிறுத்துவது என்று ஓர் அளவுகோல் உண்டு. ஏரியா ஒப்பீட்டுக்கு அதுதான் பொருந்தும்.

சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். தள்ளி இருக்கும் ஏரியாவில் வாடகை 24, பயணச் செலவு 9, ஆக 33. அருகில் இருக்கும் ஏரியாவில் வாடகை 32, பயணம் 3, ஆக 35. வாடகையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 8, உண்மையில் 2. இனி நேரம். தள்ளி இருப்பது ஒரு வழிக்கு 25 நிமிஷம் கூடுதல் என்றால் நாளுக்கு 50 நிமிஷம். 22 வேலை நாளுக்கு 1,100 நிமிஷம், அதாவது மாதம் 18 மணி நேரத்துக்கு மேல். சம்பளத்தில் 2 சதவீதம் கொடுத்து மாதம் 18 மணி நேரத்தை வாங்குகிறீர்கள். மாதம் 176 மணி நேரம் வேலை செய்து 100 சம்பாதிப்பவருக்கு 18 மணி நேரத்தின் விலை 10-க்கு மேல். இந்த நிலையில் தள்ளி இருப்பதை எடுப்பது நஷ்டம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் என்றால் அதே கணக்கில் 18 மணி நேரம் 7 ஆகச் சுருங்கிவிடும், பயணச் செலவும் இறங்கும். அப்போது தள்ளி இருக்கும் ஏரியாவில் பெரிய அறையும் அமைதியும் கிடைத்தால் அதுவே சரி. ஆபீஸ் நாட்கள் எத்தனை என்பது தெரியாமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன "வீட்டிலிருந்தே வேலை" எப்போது வேண்டுமானாலும் மாறலாம். நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்போதைய ஆபீஸுக்கு ஒட்டியே வீடு எடுப்பது இளைஞர்கள் அதிகம் செய்யும் தப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்களில்தான் வேலை மாறுவதும் அதிகம். ஊரில் உங்கள் துறை ஆபீஸ்கள் எங்கெங்கே குவிந்திருக்கின்றன என்று மேப்பில் இரண்டு மூன்று வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களில் இரண்டுக்காவது 45 நிமிஷத்துக்குள் போகிற மாதிரி, முக்கியமாக இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் இடத்துக்கு அருகில் பார்த்தால், வேலை மாறும்போது வீடு மாற வேண்டியிருக்காது. வீடு மாறுவது என்றால் புது அட்வான்ஸ், புரோக்கர் பணம், சாமான் ஏற்றும் கூலி, இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கும் சில நாள் வாடகை. பெரும்பாலும் ஒன்றரை இரண்டு மாத வாடகை கரைந்துவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து எடுக்கிறீர்கள், ஆபீஸ் ஆளுக்கொரு மூலை என்றால், இருவர் பயண நேரத்தையும் கூட்டிக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 10-ம் 70-ம் கூட்டினால் 80. 42-ம் 43-ம் கூட்டினால் 85. இரண்டாவதுதான் நிலைக்கும். 70 நிமிஷம் போகிறவர் ஆறு மாதத்தில் வேறு வீடு பார்க்கத் தொடங்குவார், முழு வாடகையும் மற்றவர் தலையில் விழும்.

சத்தம்

சத்தத்தைப் பற்றிய தவறான நம்பிக்கை, "மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, பரவாயில்லை" என்பது. ஓயாமல் வண்டி போகும் சாலையின் சத்தம், தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 3 டெசிபல்தான் குறையும். 20 மீட்டரில் இருந்த வீட்டை விட்டுவிட்டு 40 மீட்டரில் ஒன்றை எடுத்தால் காதுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. நடுவில் ஒரு வரிசைக் கட்டடம் குறுக்கே நின்றால் 10 டெசிபலுக்கு மேல் குறையக்கூடும். 10 டெசிபல் என்பது சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி கேட்கும். எனவே எத்தனை மீட்டர் என்று கேட்பதைவிட, படுக்கையறை ஜன்னலிலிருந்து அந்தச் சாலை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கேட்கும். அதே கட்டடத்தில் பின்பக்கம் பார்த்த வீடு காலியாக இருந்தால், வெளிச்சம் கொஞ்சம் குறைவானாலும் அதை எடுக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தூங்கும் அறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது, திடீரென எழும் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது என்றிருக்கிறது. ஃபோனில் இருக்கும் டெசிபல் செயலி சில டெசிபல் முன்பின் காட்டும். அதை நம்பி வழக்குப் போட முடியாது. ஒரே ஃபோனால் இரண்டு ஏரியாவை ஒப்பிட அது போதும். இரவு 10:30-க்கு, ஜன்னலைத் திறந்து வைத்து 10 நிமிஷம், மூடி வைத்து 10 நிமிஷம் அளந்து பாருங்கள்.

தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் சத்தம். ஓயாத இரைச்சலுக்குக் காது ஒருவாறு பழகிவிடும். ஜன்னலுக்கு நேரே வேகத்தடை இருந்தால் ஒவ்வொரு வண்டியும் பிரேக் போட்டு, குதித்து, மறுபடி முடுக்கும். காலி லாரி என்றால் பின்பலகை படார் என்று அடிக்கும். மேட்டில் ஏறும் சாலையில் எல்லா வண்டியும் கியரைக் குறைத்து உறுமும். பெரிய கடையின் பின்வாசல் அருகில் என்றால் விடியற்காலை 4, 5 மணிக்குச் சரக்கு இறங்கும். பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர், குளிர்சாதன இயந்திரத்தின் வெளி விசிறி, விழா அரங்கம், பஸ் திரும்பும் இடம், குப்பை வண்டி வரும் நேரம் ஆகியவற்றையும் மதியத்தில் கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கூடம் அருகில் இருப்பது இரவு வேலை பார்க்கிறவருக்குத் தொல்லை, பகலில் வெளியே போகிறவருக்கு வரம். விடுமுறையிலும் இரவிலும் அந்தப் பக்கம் அமைதியாகக் கிடக்கும்.

பெரிய சாலையை ஒட்டி இருந்தால் புகையும் சேர்ந்து வரும். வண்டிப் புகையின் நுண்துகள் சாலை ஓரத்தில் அதிகமாகவும், 150 முதல் 300 மீட்டருக்குள் நன்றாகக் குறைந்தும் போகும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்தே தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தெருவே சொல்லும் மழைக் கதை

மழைக்காலத்தில் வீடு பார்க்க முடிந்தால் நல்லது. பெரிய மழை நின்று ஒரு மணி நேரத்துக்குள் போனால் ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிடும். கோடையில் பார்க்கிறவர்கள் தெருவைப் படிக்க வேண்டும்.

சுற்றுச்சுவர்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரே உயரத்தில், வீடு வீடாகத் தொடர்ந்து ஒரு பழுப்புக் கோடு ஓடினால் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. ஒரே ஒரு சுவரில் மட்டும் திட்டுத்திட்டாக ஈரம் இருந்தால் அது அந்த வீட்டுக் குழாய்க் கசிவு. இரும்பு கேட்டின் கீழ் ஒரு சாண் மட்டும் துருப்பிடித்திருக்கிறதா? கடைக்காரர்கள் சரக்கைத் தரையில் வைக்காமல் மேடை கட்டி வைத்திருக்கிறார்களா? தரைத்தளத்தில் மின் மீட்டரை வழக்கத்தைவிட உயரமாக மாற்றி வைத்த தடம் சுவரில் தெரிகிறதா? வாசலில் புதிதாக எழுப்பிய குட்டைச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டுமா? மாதக்கணக்கில் அங்கே இருந்தவர்கள் தங்கள் செலவில் செய்துகொண்ட ஏற்பாடு ஒவ்வொன்றும் ஒரு சாட்சி.

சாலை மட்டத்தையும் கவனியுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு போனால், சாலை உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போய்விடும். சாலையிலிருந்து வீட்டுக்குள் படி இறங்குகிறது என்றால் தண்ணீருக்கும் அதே வழிதான். முதல் மாடியில் இருப்பதால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். வண்டி கீழே நிற்கிறது, மோட்டார் கீழே இருக்கிறது, தரைத்தொட்டி கீழே இருக்கிறது. தொட்டியில் தெருத் தண்ணீர் கலந்துவிட்டால் எந்த மாடியும் தப்பாது.

தண்ணீர் வரத்தை நெரிசல் நேரத்தில், அதாவது காலை 7:30 வாக்கில், எல்லோரும் குளிக்கும்போது சோதியுங்கள். 10 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் நல்ல வேகம், இரண்டு நிமிஷம் என்றால் சமாளிக்கலாம், மூன்றைத் தாண்டினால் தினமும் தொல்லை. நீரின் அழுத்தம் 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடிக்குக் கிடைப்பது 2, 3 மீட்டர் உயரம்தான். ஷவரிலும் சுடுநீர்ப் பெட்டியிலும் தண்ணீர் சொட்டுவது அதனால்தான். கீழ்மாடிக்கு வந்த வேகத்தைக் காட்டி மேல்மாடியை வாடகைக்கு விடுவார்கள், கவனம்.

இரவு நடை

வேலை முடிந்து நீங்கள் வழக்கமாக வந்து சேரும் நேரத்தில், நிறுத்தத்தில் இறங்கி வீடு வரை ஒரு முறை நடந்து பாருங்கள். தெருவிளக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு விளக்குக்கு நடுவில் இருட்டுத் துண்டு எவ்வளவு நீளம், எதிரே வருபவர் முகம் பத்துப் பதினைந்து அடி தள்ளியே தெரிகிறதா என்பது முக்கியம். பிரகாசமான விளக்குக்கு அடுத்து வரும் இருட்டில், விளக்கே இல்லாத தெருவைவிடக் கண் மங்கும். மூடிய ஷட்டர்களும் நீண்ட மொட்டைச் சுவரும் இருக்கும் தெருவில் உங்களைப் பார்க்க ஆள் இல்லை. ஜன்னல்கள் தெருவைப் பார்த்து இருக்கிற, கடை ஒன்றாவது 10 மணி வரை திறந்திருக்கிற தெருவாக இருந்தால் நல்லது. பகல் முழுவதும் பரபரப்பாக இருக்கும் ஆபீஸ் பகுதிகள் இரவு 8-க்கு மேல் ஆளரவமற்றுப் போகும், கடைத்தெருக்களும் அப்படித்தான்.

வீட்டுக்கு வர இரண்டு வழியாவது இருக்க வேண்டும். ஒரே வழி உள்ள முட்டுச்சந்து அமைதியாக இருக்கும், ஆனால் பின்னால் யாரோ வருவது போலத் தோன்றும்போது திரும்பிப் போக வேறு வழி இருக்காது. தனியாகத் தங்கும் பெண்கள் இந்த நடையை ஒரு நண்பரோடு ஒரு முறை, பேசிக்கொண்டே அல்லாமல் பத்தடி இடைவெளி விட்டு நடந்து பாருங்கள். துணையோடு போகும்போது தெரியாதது அப்போது தெரியும். வாடகை வண்டி வீட்டு வாசல் வரை வருமா, தெருமுனையிலேயே இறக்கிவிடுமா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

பத்து நிமிஷ வட்டம்

வீட்டிலிருந்து 800 மீட்டருக்குள் மருந்துக்கடை, மளிகை, காய்கறி, ஒரு மருத்துவர், பணம் எடுக்கும் இயந்திரம் இருந்தால் வார நாட்கள் இலேசாகப் போகும். அவை இருப்பதைவிட அவை திறந்திருக்கும் நேரம் முக்கியம். நீங்கள் 8:45-க்கு வந்து சேரும் ஆளாக இருந்து, கடைகள் 8:30-க்கு மூடினால், அவை இல்லாத மாதிரிதான். காய்ச்சலோடு படுத்திருக்கும்போது உங்களுக்கு உதவப்போவது நடந்து போகக்கூடிய அந்த மருந்துக்கடைதான். உடற்பயிற்சிக் கூடம், பூங்கா, நூலகம் எல்லாம் வாரத்துக்கு இரண்டு முறையாவது போவீர்கள் என்றால் கணக்கில் சேருங்கள், இல்லையென்றால் அவற்றுக்காக வாடகை கொடுக்க வேண்டாம்.

ஃபோன் சிக்னலைக் கம்பிகளை எண்ணிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு ஃபோனும் ஒரு விதமாகக் காட்டும். ஆண்ட்ராய்டு ஃபோனில் 'ஃபோனைப் பற்றி' பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நன்றாக இருக்கிறது, மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். நடு ஹாலில் பார்ப்பதோடு நிற்காமல், நீங்கள் மேசை போடப்போகும் மூலையிலும் கழிப்பறை வாசலிலும் பாருங்கள். கம்பி வழி இணையத்துக்கு, எந்த நிறுவனம் அந்தக் கட்டடத்துக்குள் ஏற்கெனவே கேபிள் இழுத்திருக்கிறது என்று மேல்மாடி, கீழ்மாடிக்காரர்களைக் கேளுங்கள். "ஏரியாவில் கிடைக்கும்" என்று நிறுவனம் சொல்வதற்கும் உங்கள் வீட்டுக்குள் வருவதற்கும் நடுவில், துளை போட ஓனர் அனுமதி என்ற ஒன்று இருக்கிறது.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

"தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்றுதான் பதில் வரும். தான் இருக்கும் இடத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. எண்ணில் பதில் சொல்லும்படி கேளுங்கள். "போன மாதம் எத்தனை நாள் தண்ணீர் விலைக்கு வாங்கினீர்கள்?" "கடைசியாக எப்போது மின்சாரம் போனது, எவ்வளவு நேரம்?" "போன மழையில் இந்தத் தெருவில் வண்டி எத்தனை நாள் எடுக்க முடியவில்லை?" இவற்றுக்கு மழுப்பலாகச் சொல்வது கடினம். உண்மை கிடைக்கும் ஆட்கள்: பல வருஷமாக அங்கே இருக்கும் மருந்துக்கடைக்காரர், இரவுக் காவலாளி, தினமும் பொட்டலம் கொண்டுவரும் டெலிவரி தம்பிகள். வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற பழைய வாடகைதாரரிடம் இரண்டு நிமிஷம் தனியாகப் பேச முடிந்தால், மற்ற எல்லாரையும் விட அது மதிப்பு. அவரிடம் ஒரே கேள்வி போதும்: "இதே தெருவில் வேறு வீடு பார்த்தீர்களா?" பார்த்தார் என்றால் தெருவில் குறை இல்லை, வீட்டிலோ ஓனரிடமோ இருக்கிறது. ஏரியாவையே விட்டுப் போகிறார் என்றால் காரணத்தைக் கேளுங்கள்.

பக்கத்தில் காலி மனை இருந்தால், அங்கே கட்டட அனுமதிப் பலகை, புதிதாகக் கொட்டிய மணல், ஜல்லி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டத் தொடங்கினால் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் தூசியும் இடிச்சத்தமும். முடிந்த பிறகு உங்கள் ஜன்னல் வெளிச்சமும் போகும். அந்தச் சுற்றுவட்டத்தில் வாடகை சட்டென்று குறைவாக இருக்கும் வீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி ஏதாவது ஒன்றுதான்.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒவ்வொரு ஏரியாவுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது பலரின் வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டிப் போட்டால், பூங்காவுக்குக் கிடைத்த 9 மதிப்பெண் வெள்ளத்துக்குக் கிடைத்த 2-ஐ மறைத்துவிடும். முதலில் உங்களால் முடியவே முடியாதது எது என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, மோசமான நாளில் ஒரு வழிப் பயணம் 60 நிமிஷத்துக்கு மேல், தெருவில் தண்ணீர் நிற்பது, இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடக்க முடியாத வழி. மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஏரியா பட்டியலிலிருந்து போய்விட வேண்டும், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும். மிஞ்சும் இரண்டு மூன்றை மட்டும் பணத்திலும் நேரத்திலும் ஒப்பிடுங்கள்.

ஊருக்கே புதியவர் என்றால் முதல் இரண்டு மூன்று மாதம் விடுதியிலோ பகிர்ந்துகொள்ளும் அறையிலோ இருந்துகொண்டு, இந்தச் சோதனைகளை அவசரமில்லாமல் செய்யலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் குறைந்தது மூன்று முறை போய்வாருங்கள்: வேலை நாள் காலை 8 மணிக்கு ஒரு முறை, இரவு 10 மணிக்கு ஒரு முறை, சனிக்கிழமை இரவு ஒரு முறை. காலைப் பயணத்தை, சும்மா மேப்பில் பார்க்காமல், அந்தத் தெருவிலிருந்தே ஆபீஸ் வரை ஒரு நாள் போய்ப் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது இரண்டு வரிகளை விரல் வைத்துப் படியுங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? ஒப்பந்தம் முடிவதற்குள் கிளம்பினால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்? முன்கூட்டியே போக முடியாதபடி ஆறு மாதமோ ஒரு வருஷமோ பூட்டி வைத்திருந்தால், அதை மூன்று மாதமாகக் குறைக்கக் கேளுங்கள். வீடு சில வாரங்களாகக் காலியாகக் கிடந்திருந்தால் ஓனர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.